பச்சை மீனும் பதினெட்டு டாப்பிங்கும்

போக்கே சாப்பிட்டிருக்கீங்களா மக்களே? ஹவாய்க்காரங்க பச்சை மீனைத் துண்டு போட்டு, உப்பும் கடற்பாசியும் சேர்த்துப் பிசறிச் சாப்பிடுவாங்களே, அதேதான். ‘போக்’ இல்லீங்க, ‘போக்கே’. ஹவாய் மொழியில ‘குறுக்கே வெட்டு, துண்டு போடு’ன்னு அர்த்தம். பேரிலேயே பாதி செய்முறை வந்துடுது. மீதிப் பாதியிலதான் என் சண்டை.

அமெரிக்காவுல 2015 வாக்கில தெருவுக்குத் தெரு போக்கே கடை முளைச்சது ஞாபகம் இருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி மாங்காய், சோளம், அன்னாசி, மயோனைஸ், பொரிச்ச வெங்காயம்னு வரிசையா இருக்கும். நாம கையைக் காட்டக் காட்ட அள்ளிப் போடுவாங்க. கடைசியில கிண்ணத்துக்குள்ள மீன் எங்க இருக்குன்னு தோண்டித்தான் பார்க்கணும். அதைப் பார்த்துட்டு வீட்டுல செய்யறவங்களும் பதினெட்டு டாப்பிங் வாங்கி அடுக்குறாங்க. ஆனா எந்த மீன், எப்படி வந்துச்சு, எத்தனை மணி நேரம் வெளியில இருந்துச்சுன்னு யாரும் கேட்கிறதில்ல. என் கட்சி இதுக்கு நேரெதிர். டாப்பிங் பத்தின கவலையை விடுங்க, மீனைப் பத்திக் கவலைப்படுங்க.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஹொனலூலு போய் ஒரு வாரம் தினமும் போக்கே தின்னுட்டு வந்த ஜோர்ல, ஒரு சனிக்கிழமை ‘ஃப்ரெஷ்’னு போர்டு வெச்ச கடையில சூரை மீன் ஒரு பவுண்டு வாங்கினேன். அப்படியே இன்னும் ரெண்டு வேலையை முடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில், மீன் கார் டிக்கியில. செக்கச்செவேல்னு ரத்தினம் மாதிரி இருந்துச்சு, நாத்தமும் இல்ல. வெட்டிப் பிசறி வெச்சேன். நான் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்பவே தங்கமணி நாலு வாய் சாப்பிட்டாச்சு. அரை மணி நேரத்துல முகம் சிவந்து, கழுத்தெல்லாம் தடிப்பு, மண்டையிடி, படபடப்பு. அவசர சிகிச்சைப் பிரிவுல உட்கார்ந்திருந்த அந்த ரெண்டு மணி நேரத்தை இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

அலர்ஜின்னுதான் நினைச்சோம். இல்லையாம், ஹிஸ்டமின் நஞ்சாம். சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்கள்ல ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் அதிகம். மீன் சூடாகிக் கிடந்தா பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். ஒருதடவை உண்டாயிட்டா சமைச்சாலும் போகாது, உறைய வெச்சாலும் போகாது. பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, மோந்தும் கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையில சரியாச்சு, பிழைச்சோம். கடையில என்ன நடந்துச்சோ, ஆனா வெயில்ல டிக்கியில போட்டு ஊர் சுத்தினது நான்தானே? யார் மேல பழி போட?

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த ‘ஃப்ரெஷ்’ங்கிற வார்த்தை மேல நமக்கு இருக்கிற மோகம் தப்பு. ஹவாய்லயே சூப்பர்மார்க்கெட் போக்கே கவுண்ட்டர்ல ரெண்டு விலை பார்க்கலாம். ஒண்ணு உறைய வைக்காத மீன், இன்னொண்ணு ‘முன்பு உறைய வைத்தது’ன்னு எழுதியே விக்கிறது. அந்த ஊர்க்காரங்க ரெண்டையும் வாங்கிட்டுப் போறாங்க. ஹொனலூலு மீன் ஏலத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களே உறைஞ்ச மீனைச் சாப்பிடும்போது, கடலைக் கண்ணால பார்க்காத ஊர்ல இருக்கிற நாம ‘ஃப்ரெஷ்தான் வேணும்’னு அடம் பிடிக்கிறது காமெடி இல்லையா?

அப்புறம் ‘சுஷி கிரேடு’. அமெரிக்கச் சட்டத்துல அப்படி ஒரு தரமே கிடையாது, அது கடைக்காரர் சொல்ற வார்த்தை. சட்டம் சொல்றது வேற: பச்சையா சாப்பிடுற மீனை ஒட்டுண்ணி சாகுறதுக்காக மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல 7 நாள், இல்லேன்னா மைனஸ் 35ல கெட்டியா உறைய வெச்சு 15 மணி நேரம் வைக்கணும். மஞ்சள் துடுப்புச் சூரை மாதிரி சில பெரிய சூரை வகைகளுக்கு இதுல விலக்கு உண்டு. சால்மனைக் கடையில பார்த்ததும் வாங்கி அப்படியே போக்கே போடுறவங்க கொஞ்சம் யோசிங்க. வீட்டு ஃப்ரீசரை நம்பி மைனஸ் 20ன்னு கணக்குப் போடாதீங்க. எலுமிச்சை பிழிஞ்சா வெந்துடும்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. புளிப்புல மீன் வெளுக்கும், ஒட்டுண்ணி சாகும்னு உத்தரவாதம் இல்ல.

நிறத்தையும் நம்பாதீங்க. சூரைக்குக் கார்பன் மோனாக்சைடு காட்டினா நாள் ஆனாலும் சிவப்பு மாறாது. ஐரோப்பாவுல தடை, அமெரிக்காவுல அனுமதி. எங்க வீட்டு ரத்தினத்துக்கும் அந்த வைத்தியம் நடந்திருக்குமோ என்னவோ!

இப்ப நான் செய்யறது இதுதான். நல்லா உறைஞ்ச சூரை ஒரு பவுண்டு. ஐஸ் பெட்டியோட கடைக்குப் போறேன் (சிரிக்காதீங்க). வாக்யூம் பாக்கெட்டைக் கிழிச்சுட்டுத்தான் ஃப்ரிட்ஜுக்குள்ள ராத்திரி பூரா வைக்கணும். காத்தில்லாத பாக்கெட்டுல உருகும்போது பாட்டுலிசம் உண்டாக்கற கிருமிக்குக் கொண்டாட்டம். காலையில ஈரம் ஒத்தி எடுத்துட்டு, நல்ல கத்தியால நாருக்குக் குறுக்கே முக்கால் அங்குலத் துண்டு. ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, ரெண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். சோயா சாஸ்ல உப்பு தூக்கலா இருந்தா கல்லுப்பைப் பாதியாக்குங்க. எண்ணெய் வறுத்த எள்ளுல எடுத்ததா இருக்கணும், நம்ம ஊர் செக்கு எண்ணெய்க்கு அந்த வாசம் வராது. கொஞ்சம் இனிப்பு வெங்காயம், வெங்காயத்தாள், ஊற வெச்ச லிமு. லிமுன்னா அவங்க ஊர்க் கடற்பாசி. கடைசியா இனமோனா, அதாவது குக்குயி கொட்டையை வறுத்து உப்போட பொடிச்சது. மலேசியாவுல இருக்கிறவங்களுக்கு ‘புவா கெராஸ்’னு சொன்னா உடனே புரியும். பச்சையா மட்டும் தின்னுடாதீங்க, வயித்தால போகும். அது கிடைக்கலேன்னா வறுத்த முந்திரி. கிண்ணத்தோட அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, எடுத்த உடனே சாப்பிட்டு முடிச்சுடணும். மிச்சம் வெச்சு மறுநாள்ங்கிற பேச்சே கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தட்டு வைக்கறதில்ல.

‘என்னய்யா, உன் செய்முறையிலேயே சோயா சாஸ் இருக்கே, அது ஹவாயா?’ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பழைய போக்கேயில மீன், உப்பு, லிமு, இனமோனா, அவ்வளவுதான். சோயாவும் எண்ணெயும் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த ஆசியக்காரங்க வழியா வந்து சேர்ந்தது. அப்ப மாங்காய் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணலை. போட்டுக்கோங்க, நான் போலீஸ் இல்ல. ஆனா சோயாவைக் கொண்டுவந்தவங்க அந்த மண்ணுல உழைச்சு, அக்கம்பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுச் சேர்த்தாங்க. மீனை மறைக்கறதுக்காகச் சேர்க்கலை.

2018ல நடந்ததைப் பாருங்க. சிகாகோவுல ஆரம்பிச்ச ஒரு போக்கே கம்பெனி, ‘அலோஹா’, ‘போக்கே’ ரெண்டையும் சேர்த்துக் கடைக்குப் பேர் வெச்சவங்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச்சு. நோட்டீஸ் வாங்கினவங்கள்ல ஹவாய்ப் பூர்வகுடிகளும் உண்டு. அவங்க மொழி, அவங்க சாப்பாடு, அவங்களுக்கே நோட்டீஸ்! எனக்கு மாங்காய் மேல கோபம் இல்லீங்க, இது மேலதான். சமையலை யாரும் எடுத்துக்கலாம். எடுத்துக்கிட்டு, கொடுத்தவங்களையே வெளியில நில்லுன்னு சொல்லக்கூடாது.

வீட்டுல செய்யற நாம நோட்டீஸ் விடப் போறதில்ல. நம்மால முடிஞ்ச மரியாதை சின்னது: பேரைச் சரியா சொல்றது, மீனை மீனா சாப்பிடுறது, ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போறது. மூணாவதை மறந்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுத் தங்கமணியைக் கேளுங்க. இன்னிக்கு வரைக்கும், நான் முதல் வாய் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனப்புறம்தான் அவங்க ஸ்பூனைத் தொடுறாங்க :)

டிஸ்கி: போட்டோ கேட்காதீங்க. போட்டோ எடுக்கிற நேரத்துக்கு மீன் வெளியில இருக்கக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு.