தேதி இல்லாத நாட்குறிப்பு

பள்ளிக்கூட மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நீர் குறைந்தால் மோட்டாரை ஓடவிடவும், நிறைந்தால் நிறுத்தவும் ஒரு சிறிய கணிப்பொறிக்கு நீங்கள் நிரல் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மாலை வரை அது ஒழுங்காக வேலை செய்கிறது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தொட்டி வறண்டு கிடக்கிறது, மோட்டார் ஓடவில்லை, நிரலும் நின்றுபோயிருக்கிறது. இரவில் என்ன நடந்தது? மின்சாரம் போயிற்றா? நீர்மட்டத்தை அளக்கும் கருவி தவறான எண்ணைத் தந்ததா? நீங்கள் எழுதிய நிரலிலேயே பிழையா? கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஆள் யாரும் இருக்கவில்லை. நிரல் தானே எழுதி வைத்த குறிப்பு ஏதேனும் இருந்தால்தான் உண்டு.

நிரல் தன் போக்கைத் தானே குறித்துக்கொண்டு போவதை லாகிங் என்கிறார்கள். லாக் என்றால் மரக்கட்டை. அக்காலக் கப்பலோட்டிகள் கயிற்றில் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கடலில் வீசி, குறித்த நேரத்துக்குள் கயிற்றில் எத்தனை முடிச்சுகள் கை நழுவிப் போகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். அதை எழுதி வைத்த ஏட்டுக்கும் கட்டையின் பெயரே நிலைத்துவிட்டது. கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கிலேயே சொல்கிறோம். அந்த ஏட்டிலே முதலில் எழுதப்படுவது எது? நாளும் நேரமும் அல்லவா! நேரம் இல்லாத குறிப்பினால் கப்பல் எங்கே இருந்தது என்று கணக்கிட முடியாது.

இனி, உங்களில் பலர் பள்ளியிலேயே படிக்கும் பைத்தான் மொழிக்கு வருவோம். ஒரு மொழியை நிறுவும்போது அதனுடனேயே வந்து சேரும் கருவித் தொகுப்பை அதன் ஸ்டாண்டர்டு லைப்ரரி, அதாவது பொது நூலகம் என்பார்கள். பைத்தானின் நூலகத்தில் லாகிங் என்ற பெயரிலேயே ஒரு மாட்யூல் உண்டு. வினய் சாஜிப், ட்ரென்ட் மிக் என்ற இருவர் 2002இல் முன்வைத்த திட்டத்தின்படி, 2003 ஜூலையில் வெளியான 2.3ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. ஜாவா மொழிக்காரர்களிடையே அப்போது புகழ்பெற்றிருந்த லாக்4ஜே என்னும் கருவியின் சாயல் அதில் நன்றாகத் தெரியும்.

இந்த மாட்யூலை நான் குறை சொல்லப் போகிறேன். ஆகவே அதன் நிறைகளை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஒரு செய்தி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அது ஐந்து படிகள் வைத்திருக்கிறது: டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல். இவற்றின் எண்கள் முறையே 10, 20, 30, 40, 50. எந்தப் படிக்கு மேற்பட்டவற்றை எழுத வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னால் போதும். நிரலின் மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை. செய்தி திரையில் தோன்றுவதா, கோப்பில் எழுதப்படுவதா, வலைவழியே வேறோர் இயந்திரத்துக்குப் போவதா என்பதையும் தனியே தீர்மானிக்கலாம். எழுதும்போது ஏதாவது தவறு நேர்ந்தால் அந்தத் தவறை மட்டும் தெரிவித்துவிட்டு, நிரலைக் கொல்லாமல் ஓடவிடும். குறிப்பு எழுதப்போய் வேலையே நின்றுவிடக்கூடாது என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான நிறை, அது பொது நூலகத்தில் இருப்பதே. ஒரு பெரிய நிரல் தனித்து நிற்பதில்லை. முன்பின் அறியாத இருபது பேர் எழுதிய இருபது தொகுப்புகளைச் சேர்த்துக் கட்டியதாக அது இருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனி ஏட்டில் தமக்குத் தோன்றிய முறையில் எழுதினால், பிழை நேர்ந்த அன்று இருபது ஏடுகளைப் புரட்ட வேண்டும். பொதுவான ஏடு ஒன்று இருந்தால் எல்லாரும் அதிலேயே எழுதுவார்கள். வெளியில் இதைவிட அழகான கருவிகள் உள்ளனவே, இதைத் திருத்த ஏன் மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். லோகுரு, ஸ்ட்ரக்ட்லாக் முதலியவை நல்ல கருவிகள்தாம். ஆனால் அந்த இருபது பேரும் பொது ஏட்டில்தானே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? பொது ஏடு செம்மையானால்தான் அனைவரின் குறிப்பும் செம்மையாகும்.

குறைக்கு வருவோம். பைத்தானைத் திறந்து, வேறு எந்த ஏற்பாடும் செய்யாமல், "தொட்டி காலி" என்று ஓர் எச்சரிக்கையை லாகிங் மூலம் எழுதச் சொல்லிப் பாருங்கள். திரையில் வருவது இவ்வளவுதான்: வார்னிங், அடுத்து ரூட் என்ற பெயர், அடுத்து தொட்டி காலி. நேரம் எங்கே? இல்லை. கேட்டால் தரும், கேட்காவிட்டால் தராது. "மோட்டார் ஓடத் தொடங்கியது" என்பதை இன்ஃபோ படியில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுமே வராது. ஏனென்றால் கேட்காதவரை அது எச்சரிக்கைக்குக் கீழ்ப்பட்ட எதையும் எழுதுவதில்லை. முதன்முறை இதைச் செய்து பார்க்கும் மாணவர், தம் நிரல்தான் தவறு என்று எண்ணிப் பழைய பிரிண்ட் கட்டளைக்கே திரும்பிவிடுகிறார். அவர்மேல் என்ன தவறு இருக்கிறது?

நேரத்தைக் கேட்டு வாங்கினாலும் குறை முழுதும் தீராது. அந்த இயந்திரம் இருக்கும் ஊரின் நேரத்தை அது எழுதும். அது எந்த ஊரின் நேரம் என்பதை எழுதாது. சென்னையில் ஓடும் நிரலும் இலண்டனில் ஓடும் நிரலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று வையுங்கள். இரண்டின் ஏடுகளையும் அருகருகே வைத்தால், ஒரே நொடியில் நடந்தவற்றுக்கிடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் இடைவெளி தெரியும். கேள்வி முதலில் வந்ததா, பதில் முதலில் வந்ததா என்றே குழம்பிப் போவோம்.

இவை மேற்போக்கான குறைகள். ஆழமான குறை இனிமேல்தான் வருகிறது.

"3ஆம் தொட்டியில் நீர்மட்டம் 42 செ.மீ." என்று நிரல் எழுதுகிறது. படிக்கும் மனிதருக்கு இது நல்ல வாக்கியம். நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் ஒரு நாளில் 1,440 வரிகள், 30 நாளில் 43,200 வரிகள் சேரும். நீர்மட்டம் 20 செ.மீட்டருக்குக் கீழே போன வேளைகள் எவை என்று அறிய விரும்பினால் யார் படிப்பது? இன்னொரு நிரல்தான் படிக்க வேண்டும். அந்த நிரலுக்கு வாக்கியம் புரியாது. "நீர்மட்டம்" என்ற சொல்லைத் தேடி, அடுத்து வரும் எண்ணைப் பிடுங்கு என்றுதான் அதற்குச் சொல்லி வைக்க முடியும். பிற்பாடு யாரோ ஒருவர் அழகுக்காக "தண்ணீர் அளவு" என்று மாற்றி எழுதிவிட்டால் தேடல் அத்தோடு படுத்துவிடும்.

தொட்டி என்ற பெயருக்கு 3, மட்டம் என்ற பெயருக்கு 42 என்று, பெயரும் மதிப்பும் தனித்தனியே நிற்கும்படி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வேடிக்கை என்னவென்றால், பைத்தானின் மாட்யூல் பாதித் தூரம் இதைச் செய்தே வைத்திருக்கிறது. வாக்கியத்தின் அச்சையும் அதில் நிரப்ப வேண்டிய மதிப்புகளையும் அது தனித்தனியாகவே வாங்கிக்கொள்கிறது. எழுத வேண்டிய தேவை இருந்தால் மட்டுமே, கடைசிக் கணத்தில், இரண்டையும் ஒட்டுகிறது. தேவையில்லாத செய்திக்கு ஒட்டும் உழைப்பு மிச்சம். ஆனால் ஒட்டியபின் கோப்பில் போய் விழுவது வெறும் வாக்கியம். எது எண், எது சொல் என்ற அறிவை, கையில் வைத்திருந்தும் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறது. பிரித்து எழுத வேண்டுமானால் அவரவர் அதற்கு ஒரு வடிவமைப்பியை எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது வெளியிலிருந்து வாங்க வேண்டும்.

பிரித்து எழுதுவதில் இன்னொரு நன்மை உண்டு. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் பயனர்களிடம் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தந்தது. கடவுச்சொற்கள் மறைக்கப்படுவதற்கு முன்பே, உள்ளது உள்ளபடி, உள்ளகப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டு வந்தனவாம். அப்போது அதற்கிருந்த 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொல் தனிப் பெயரோடு வந்தால், அந்தப் பெயருள்ளதை எப்போதும் மறைத்து எழுது என்று ஓரிடத்தில் விதி செய்துவிடலாம். வாக்கியத்துக்குள் கரைந்துபோன கடவுச்சொல்லை எதை வைத்து அடையாளம் காண்பது?

இவ்வளவு தெளிவான குறைகளை நாளைக்கே திருத்திவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் பொது நூலகத்தின் இக்கட்டு இருக்கிறது. அந்த மாட்யூலில் எச்சரிக்கை எழுத வார்னிங் என்ற கட்டளை உண்டு. அதற்கே வார்ன் என்று ஒரு பழைய குறுக்கமும் உண்டு. குறுக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பிலிருந்தே சொல்லி வந்தார்கள். பத்தாண்டுக்குப் பிறகு, 3.13ஆம் பதிப்பின் முன்னோட்டத்தில், அதை நீக்கியே விட்டார்கள். ஆனால் 2024 அக்டோபரில் அந்தப் பதிப்பு முழுமையாக வெளிவந்தபோது, வார்ன் தன் பழைய இடத்தில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது! ஒரு குறுக்கத்துக்கே இந்தப் பாடு என்றால், இருபது ஆண்டுகளாக எண்ணற்ற நிரல்கள் நம்பியிருக்கும் வரியின் வடிவத்தில் திடீரென்று நேரத்தைச் செருகினால் என்ன ஆகும்? அந்த வரிகளை எதிர்பார்த்து ஓடும் நிரல்கள் வரிசையாகப் படுக்கும்.

ஆகவே பழையதை மாற்றக்கூடாது, அதன் பக்கத்தில் புதிய வாசல் ஒன்று திறக்க வேண்டும் என்பது என் கருத்து. இது வெறுங்கனவு அன்று. கோ என்னும் மொழி இதைச் செய்து காட்டியிருக்கிறது. அதன் பொது நூலகத்தில் லாக் என்றொரு எளிய கருவி தொடக்கம் முதலே இருந்தது. கேட்காமலேயே தேதியும் நேரமும் எழுதும் நல்ல பழக்கம் அதற்கு உண்டு. ஆனால் படிகளும் இல்லை, பிரித்து எழுதும் வசதியும் இல்லை. 2023 ஆகஸ்டில் வெளியான 1.21ஆம் பதிப்பில் எஸ்லாக் என்ற புதிய கருவியைச் சேர்த்தார்கள். அது செய்தியோடு பெயர்–மதிப்பு இணைகளையும் வாங்கி, கேட்டால் இயந்திரம் படிக்கும் ஜேசன் வடிவிலேயே எழுதும். பழைய லாக் ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே இருக்கிறது. நூலகத்தில் ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் இருப்பது அழகில்லைதான். எந்தக் கதவைத் தட்டுவது என்று புதியவர் சற்றுத் திகைப்பார். ஓடுகிற நிரல்கள் நிற்பதைவிட அந்தத் திகைப்பு எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது.

புதிய வாசல் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வசதிகளைக் கூட்டுகிறேன் என்று ஏட்டுக்கு மந்திரக்கோலைக் கொடுத்துவிடக்கூடாது. முன்னே சொன்ன லாக்4ஜேயின் இரண்டாம் தலைமுறையில் அப்படித்தான் நடந்தது. செய்திக்குள் ஒரு தனிக் குறியீடு இருந்தால், அதை எழுதாமல், அது சுட்டும் இடத்துக்குச் சென்று அங்கே இருப்பதைக் கொண்டுவரும் வசதி 2013இல் அதில் சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 2021 டிசம்பரில் உலகமே பதறியது. முகந்தெரியாத ஒருவர் தம் பெயரைக் கேட்கும் கட்டத்தில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் போதும். ஏடு அதை எழுதப்போய், அவருடைய இயந்திரத்திலிருந்து நிரலைக் கொண்டுவந்து இங்கே ஓடவிட்டது! ஆபத்தின் அளவுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். லாக்4ஜே ஜாவாவின் பொது நூலகத்தைச் சேர்ந்தது அன்று என்பது உண்மை. சேர்ந்ததாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசம்.

நம் மொழியைத் தொட்ட ஒரு திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணிப்பொறியில், எளிய முறையில் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துத் தமிழில் குறிப்பு எழுதச் சொன்னால், பைத்தான் முன்பெல்லாம் பெரும்பாலும் திணறி அந்த வரியை விட்டுவிட்டது. அந்த எளிய முறையிலேயே எழுத்துக் குறியீட்டையும் சொல்லும் வசதி 2020இல் வந்த 3.9ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. சின்னத் திருத்தம், எந்தப் பழைய நிரலையும் அது கெடுக்கவில்லை. யூடிஎஃப்-8 என்று மறவாமல் குறிப்பிட்டு எழுதுங்கள்.

புதிய வாசல் திறக்கும்வரை தொட்டிக்குக் காவலிருக்கும் உங்கள் நிரலில் இவற்றைச் செய்து வையுங்கள். பேசிக் கான்ஃபிக் என்னும் கட்டளையில் படியை இன்ஃபோ என்று வையுங்கள். வரியின் வடிவத்தில் ஆஸ்க்டைம் என்பதை முதலில் போடுங்கள். தேதியின் வடிவத்தில் விழுக்காட்டுக் குறியும் அதையடுத்துச் சிறிய இஸட் எழுத்தும் சேர்த்தால், நம் ஊர் நேரம் என்பதற்கு அடையாளமாக +0530 என்பதும் கூடவே பதியும். செய்தியை அலங்கார வாக்கியமாக எழுதாமல் "தொட்டி=3 மட்டம்=42" என்று எழுதப் பழகுங்கள். பிறகு ஒரு நாள் காலையில் தொட்டி மீண்டும் வறண்டு கிடந்தால், விடியற்காலை 2 மணி 10 நிமிடத்துக்கு அளவுக் கருவி −1 என்று சொன்னதும், உங்கள் நிரல் அதை நம்பியதும் அந்தக் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும்.