ரசீது எங்கண்ணே?

புதுக்கோட்டையில் காலை ஏழு மணி. கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் கிளம்பும் நேரம். டீக்கடை பெஞ்சில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"சங்கத்துக்குப் பணம் கட்டலேன்னா நலவாரிய கார்டு புதுப்பிக்க முடியாதாமே, அப்படியாண்ணே?"

பக்கத்தில் இருப்பவர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார். "எதுக்கு வம்பு? கட்டிவிட்ரு. அறுபது வயசுல பென்ஷன் வரணும்ல."

அன்னவாசல், ஆலங்குடி, கீரனூர் என்று எந்த ஊர்க் கொத்தனாரைக் கேட்டாலும் இந்தப் பயம் கொஞ்சம் இருக்கும். வேலை கிடைக்கும் நாளில்தான் கூலி. அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று தெரியாதபோது எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், சங்கமும் வாரியமும் ஒன்று என்று நினைப்பது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994-ல் அமைந்த அரசு வாரியம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கான உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் தருவது அதுதான். பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் வாரியம் கட்டணம் வாங்குவதில்லை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். சங்கம் செய்வது, படிவம் நிரப்பி, அலைந்து, காரியத்தை முடித்துக் கொடுக்கும் உதவி.

சங்கத்தில் சேருவது கட்டாயமா என்றால், இல்லை. ஒரு தொழிலாளியை சங்கத்தில் சேரச் சொல்லி மிரட்டுவதும், சேரக் கூடாது என்று தடுப்பதும் இரண்டுமே முறையற்ற செயல் என்று தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை வரையறுத்தது. மிரட்டுவது சங்கமானாலும் முதலாளியானாலும் தப்புதான். சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்க, தொழிலாளி எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

அப்படியானால் சங்கமே வேண்டாமா? அங்கேதான் நிதானம் வேண்டும். அந்த வாரியமே கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியதால் வந்தது. சாரத்திலிருந்து விழுந்த சித்தாளின் விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும்போது, அதை நகர்த்தப் போய் நிற்பதும் பெரும்பாலும் ஒரு சங்கத்துக்காரர்தான். பஸ் செலவிலிருந்து ஜெராக்ஸ் வரை அவருக்கும் செலவு உண்டு. அதற்குச் சந்தா கேட்பது நியாயமே.

கேட்காமலே பிடிப்பதுதான் கசப்பு. அந்தக் கசப்பு கடல் தாண்டியும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அங்கே சங்கச் சந்தாவை நிர்வாகமே சம்பளத்தில் கழித்து சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் நெடுநாள் இருந்தது. சம்பள உயர்வு தள்ளிப்போன ஒவ்வொரு முறையும், "சந்தா மட்டும் தவறாமல் போகிறதே" என்ற முணுமுணுப்பு லயங்களில் எழுந்தது. 2021-ல் சம்பள நிர்ணய சபை நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. சந்தா பிடித்துக் கொடுப்பதைத் தோட்டக் கம்பெனிகள் நிறுத்தின. சந்தா வேண்டுமென்றால் இனி லயத்து வாசலுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்ற நிலை சங்கங்களுக்கு வந்தது.

பிரிட்டனில் சங்கத்தில் சேர மறுத்ததால் ரயில்வே வேலையை இழந்த மூன்று பேருக்குச் சாதகமாக, 1981-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில், உறுப்பினராக இல்லாத அரசு ஊழியரிடம் சங்கக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "சங்கம் வாங்கித் தரும் சம்பள உயர்வை மட்டும் சும்மா வாங்கிக்கொள்வார்களா?" என்ற சங்கங்களின் கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு நியாயங்களுக்கும் நடுவே வைக்க வேண்டியது கணக்குப் புத்தகம். பதிவு பெற்ற சங்கத்தின் கணக்கை எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்று 1926-ன் தொழிற்சங்கச் சட்டமே சொன்னது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அந்த வசதி உறுப்பினருக்கு வேண்டும் என்கிறது. பழைய சட்டத்தில் 2001-ல் வந்த திருத்தம், குறைந்தபட்சச் சந்தாவை கிராமப்புறத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1 ரூபாய், மற்ற அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய் என்று வைத்தது. அதற்கு மேல் எவ்வளவு என்பது சங்கத்தின் விதிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்க வருபவரின் வாய்க்கு வந்த தொகையாக இருக்கக் கூடாது.

ஆகவே அந்த டீக்கடை பெஞ்சில் கேட்க வேண்டிய கேள்வி, "கட்டணுமா, வேண்டாமா?" என்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. "ரசீது எங்கண்ணே?"

அதைக் கேட்டால் கோபப்படும் சங்கத்தில் கட்டுவதா என்று ஒருமுறை யோசிக்கலாம். நல்ல சங்கத்துக்காரர் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்க மாட்டார். ரசீதுப் புத்தகம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.