தொட்டித் தோட்டம் வீண் வேலையா?

பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளிக்கரணை



"ஒரு கட்டுக் கீரை 20 ரூபாய்க்குத் தெருமுனையில் கிடைக்கிறது. அதற்காக மாடிக்கு மண்ணைச் சுமக்க வேண்டுமா?" என் தந்தையார் என்னிடம் கேட்ட கேள்வி இது. உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கலாம். இதற்கு விடை காண்பதே என் கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அப்பாவின் பக்கம் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள் அல்லவா? சென்ற ஆடியில் நானும் பாட்டியும் எட்டுத் தொட்டிகள் வைத்தோம். தொட்டி என்றால் கடையில் வாங்கியது அன்று. விரிசல் விட்ட வாளிகளும் பழைய அரிசிச் சாக்குகளும்தாம். வாளிகளின் அடியில் துளையிட்டு, செம்மண், தென்னை நார்த்தூள், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினோம். வெண்டையையும் சிறுகீரையையும் நேராக விதைத்தோம். கத்தரி, தக்காளியை நாற்று விட்டு நட்டோம்.

சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்தது. பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி! ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பினால் தக்காளியின் இலை நுனி கருகியது. கத்தரியை மாவுப்பூச்சி பிடித்தது. மழைநீரைப் பிடித்து ஊற்றியும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தும் பாதிச் செடிகளைத்தான் காப்பாற்றினோம். பொங்கல் விடுமுறையில் கணக்குப் பார்த்தேன். செலவு 640 ரூபாய். கிடைத்த காய்கறியின் மதிப்பு 410 ரூபாய். நட்டம் 230! அப்பா சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தக் கணக்கில் நான் ஒன்றை எழுத மறந்திருந்தேன். அது எங்கள் வீட்டுக் குப்பை.

வீட்டில் நாங்கள் ஐவர். காய்த்தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு முக்கால் கிலோ வருகிறது. ஒரு வாரம் எடை போட்டே இதைக் கண்டேன். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 135 கிலோ! அத்தனையும் காய்ந்த இலைகளுடன் சேர்ந்து, துளையிட்ட இரண்டு டிரம்களில் எருவாகிறது. ஈரம் மிகுந்தால் நாற்றம் வரும். ஒரு கை இலைச்சருகு போட்டால் அடங்கும். முன்பெல்லாம் இதையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம். அது எங்கே போயிருக்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாததன்று. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் எழுந்தது. காற்றுப் புகாமல் புதையும் காய்கறிக் கழிவு அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் அக்கிடங்கு பற்றியெரிந்தபோது புகையில் நாம் கண் கலங்கினோம். அதே ஆண்டில்தான் 1,247 ஹெக்டேர் பரப்புள்ள நம் சதுப்பு நிலம் ராம்சர் தலம் என்னும் உலகப் பெருமையைப் பெற்றது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. தண்ணீர் தங்கும் இடத்தைக் குப்பையாலும் கட்டடங்களாலும் நிரப்பினால் அது எங்கே போகும்? 2023 டிசம்பர் புயல் மழையில் அது நம் வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியுமா?

மாடித்தோட்டத்துக்கு அரசும் உதவியிருக்கிறது. 2021-இல் தமிழக அரசு 900 ரூபாய் பெறுமான மாடித்தோட்டத் தளைகளை மானியம் போக 225 ரூபாய்க்கு வழங்கியது. ஆறு பைகள், நார்க்கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள் அதில் இருந்தன. நல்ல திட்டமே. ஆனால் பை வாங்குவதோடு தோட்டம் அமைந்துவிடாது. ஒரு போகம் முடிந்ததும் காலிப் பைகளை மூலையில் எறிந்த வீடுகளையும் நான் அறிவேன். அடுத்த போகத்துக்கான எரு நம் அடுக்களையிலேயே இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

தளத்தில் ஓதம் ஏறும், பாரம் தாங்காது என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. தொட்டிகளை நடுத்தளத்தில் குவிக்காமல் சுவரோரமாகச் செங்கல் மேல் வைத்தால், அடியில் காற்றோடும், நீரும் தேங்காது. மாடி இல்லாதவர்க்கு வெயில் படும் பால்கனியில் ஒரு கீரைத் தொட்டி போதும்.

ஆகவே தோழியரே, தொட்டித் தோட்டத்தைக் காய்கறியின் விலையால் மட்டும் அளக்காதீர்கள். சந்தைச் செலவை அது முழுதும் குறைக்காது. அப்படிச் சொல்வது பொய். ஆனால் நம் வீட்டுக் கழிவை நம் வீட்டிலேயே மண்ணாக்கும். அடுத்த ஆடிக்குள் ஆளுக்கு ஒரு டிரம், ஒரு தொட்டி தொடங்குவோமா?

அப்பா இன்னும் அந்த 230 ரூபாயைச் சொல்லிக் கேலி செய்கிறார். ஆயினும் காலையில் காய்த்தோல் தட்டை மாடிக்கு எடுத்துச் செல்பவர் இப்போது அவர்தான்!