பழி கத்திக்கு, குற்றம் தாமதத்துக்கு

“முதுகெலும்பில் கத்தி பட்டால் அப்புறம் படுத்த படுக்கைதான்” என்று பள்ளிக்கரணைப் பக்கம் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு ஆளை முடமாக்குகிறது.

ஜவ்வு விலகி, வலி காலுக்கு இறங்கினால் பெரும்பாலும் அவசர ஆபரேஷன் தேவையில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 283 பேரில் ஒரு சாராருக்கு உடனே அறுவை, மறுசாராருக்குக் காத்திருப்பு. ஓராண்டில் இரு சாராரிலும் 95 சதவீதம் பேர் தேறினார்கள். ஆனால் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கே போனார்கள். கத்தி பட்டவர்கள் எல்லாம் படுக்கையில் விழுந்தார்களா என்ன?

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ கதையே வேறு. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதாக இருக்கலாம். அங்கே நாள் கடத்தினால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அப்படித் தாமதித்து வந்தவரின் கால் தேறாவிட்டால், பழியை மட்டும் கத்தி சுமக்கிறது.

இந்தக் கத்தி நமக்குப் புதிதும் அல்ல: சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இலேயே நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். ஆகவே மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் தைலத்தைத் தூக்கி வைத்துவிட்டு, அன்றே 108ஐ அழையுங்கள்.