தேய்மானம் என்னும் பாடம்

இயந்திரப் பொறியியல் பயிலச் சேர்ந்து, அதிலே உயிர்மருத்துவக் கிளையைத் தேர்ந்துகொள்ளும் மாணவர்கள், உராய்வும் தேய்மானமும் உலோகச் சோர்வும் பழைய தொழிற்சாலைகளின் சமாசாரங்கள் என்று அலட்சியமாக எண்ணுவதைக் காணும்போதெல்லாம், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்னும் ரண வைத்தியர் பட்ட பாடு எனக்கு ஞாபகம் வருகிறது. பழுதான இடுப்பு மூட்டுக்குப் பதிலாக அவர் பொருத்திய எஃகுக் குமிழ், வழவழப்புக்குப் பேர்போன டெஃப்லான் கிண்ணத்தில் ஆரம்பத்தில் அற்புதமாகத்தான் சுழன்றது. ஆனால், குமிழின் குறுக்களவைப் படிப்படியாக 22 மில்லிமீட்டர் வரை குறைத்தும் பயனின்றி, சில வருஷங்களுக்குள் கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சகியாமல் சுற்றியிருந்த திசுக்கள் சீறிக் கிளம்பின. (அந்தத் துகளைத் தம் தொடையிலேயே செலுத்திப் பரிசோதித்துக்கொண்ட மனிதர் அவர்!) வழுக்குவது வேறு, தேயாதிருப்பது வேறு என்னும் பேதத்தை மனித தேகம் அவ்வளவு கொடூரமாகக் கற்பித்தது. 1962-இல் கைகொடுத்த பாலிஎத்திலீனோ, நெசவாலைத் தறிகளின் பற்சக்கரங்களுக்கென்று விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக். வைத்தியருக்கே அதில் நம்பிக்கை பிறவாதிருக்க, அதை இடைவிடாது தேய்த்துப் பார்த்து அதன் உறுதியைக் காட்டியவர், அவருடைய பட்டறையில் கடைசல் இயந்திரத்தோடு பழகிய ஹாரி கிரேவன் என்னும் தொழில் விற்பன்னர். ஆகையால், இத்துறையை நாடும் இளைஞர்களே, உடற்கூற்றுப் புத்தகத்தை வாங்குமுன், உங்கள் கல்லூரிப் பட்டறையில் தேய்மான சோதனை நடக்கும் மூலைக்குப் போய் ஒரு மாத காலம் நில்லுங்கள்.