ஒரு விநாடியும் கணினியின் கருவும்

கம்பம் பள்ளத்தாக்கில் கடிகாரம் பகல் பன்னிரண்டைக் காட்டுங்கால் கதிரவன் பெரும்பாலும் உச்சிக்கு வந்திரான். 1906 முதல் இந்திய நேரம் மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பற்றி நிற்பது; தேனியோ அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளியுளது. பாகைக்கு நான்கு நிமிடமாகச் சராசரி 20 நிமிடம் கதிரவன் பிந்துகின்றான். இதனாற் கம்பத்துத் திராட்சை பழுக்க மறுத்ததுண்டோ?

இருபது நிமிடத்தைப் பொறுத்த உலகம் ஒரு விநாடியாற் கலங்கிய கதை வியப்பிற்குரியது. புவியின் சுழற்சி சீரற்றதாதலின், அணுக்கடிகாரம் அதனைவிட்டு விலகாதிருக்க 1972 முதல் 27 முறை ஒவ்வொரு விநாடி மிகுத்துச் சேர்க்கப்பட்டது. அவற்றுள் ஒன்று 2012 ஜூலை 1 அன்று, நம் நாட்டு நேரம் காலை 5.30க்குச் சற்றுமுன் வந்தது. உடனே லினக்ஸ் இயங்குதளம் பூண்ட கணினிகள் பல திணறின. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானப் பயணிகளும் காத்துக் கிடந்தனர்.

பிழை யாது? கர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவினுள் நேரங்காட்டும் கடிகாரம் ஒன்று. உறங்கும் நிரல்களைக் குறித்த பொழுதில் எழுப்பும் பகுதி மற்றொன்று. விநாடி சேர்ந்ததும் முன்னது ஒரு விநாடி பின்னிட்டது. பின்னதற்கு அச்செய்தி அறிவிக்கப்படவில்லை. ஆகவே அது ஒரு விநாடி முந்தி நின்று, அரை விநாடி உறங்க விழைந்த நிரலை அக்கணமே எழுப்பிற்று, அது மீண்டும் உறங்கப் போயிற்று, மீண்டும் எழுப்பப்பட்டது. இவ்வாறு ஓயாச் சுழற்சியிற் கணினியின் ஆற்றல் வீணாயிற்று. கடிகாரத்தை அது காட்டும் நேரத்திற்கே கையால் மறுபடி அமைத்தல் மருந்தாயிற்று; அவ்வாறு அமைக்குங்கால் அறிவிப்பு தவறாது சென்றமையின். அவ்வறிவிப்பை விநாடி சேருமிடத்திலும் அமைத்த திருத்தத்தை ஜான் ஸ்டல்ட்ஸ் என்பார் அம்மாதமே வழங்கினார்.

முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கர் குறுநீர்க் கன்னலாற் பொழுதை அளந்ததோடு அமையாது, அரசனிடம் சென்று அறிவித்தும் வந்தனர். கர்னல் அளந்தது, அறிவிக்க மறந்தது.

இவ்விநாடிச் சேர்க்கையை 2035க்குள் கைவிடும் வகையில் 2022 நவம்பரில் எடைகள், அளவைகள் பற்றிய பன்னாட்டுப் பொதுமாநாடு தீர்மானித்துளது. கதிரவனைத் துறந்தோமே என வருந்துவாரும் உளர். நம் பள்ளத்தாக்கினர்க்கு அவ்வருத்தம் வேண்டா. எனினும் அத்தீர்மானத்தை நிரல் எழுதுவோர் தம் பிழைக்கு மன்னிப்பாகக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. சில ஆண்டுகட்கு ஒருமுறையே நடக்கும் வழியை எவரும் முற்றச் சோதியாமையே நோயின் வேர்.

அவ்வேர் இன்னும் உளது. 1970 முதல் விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிவரும் கருவிகளில் 2038 ஜனவரி 19 காலை 8.44க்கு அவ்வெண் நிரம்பி வழியும். அதனை எம்மாநாட்டுத் தீர்மானமும் தடுக்காது. லினக்ஸ் கர்னலில் இதற்கான திருத்தம் 2020இல் வந்த 5.6 பதிப்பிலேயே அமைந்துவிட்டது. பழைய கருவிகட்கு அது போய்ச் சேர்ந்தபாடில்லை. தனியே வைத்த ஒரு கருவியின் கடிகாரத்தை அந்நாளுக்கு நகர்த்தி, என் செய்கின்றதெனக் காண ஒரு மாலைப்பொழுது போதும்.