திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கி.மீ. பறக்க ஒரு மணி நேரம் ஏன்?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ. தூரம்தான். திருச்சியிலிருந்து சென்னைக்குச் சாலையில் போகும் தூரத்தில் இது பாதியைவிடச் சற்றே அதிகம். இந்த வழித்தடத்துக்கு ஏற்ற சிறிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ ஒரு மணி நேரத்தை ஒட்டிய கணக்கு. 'பக்கத்துல இருக்குற ஊருக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?' என்று பயணிகள் கேட்கத்தான் செய்வார்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எது?

விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, அனுமதிக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். நடுவழியில் சென்னை வான்கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு விமானம் கைமாறும். சின்னச் சின்னத் தாமதங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கப்படும்.

டெல்லிக்குப் போனாலும் இந்த வேலைகள் உண்டு. நீண்ட பயணத்தில் அவை கண்ணில் படுவதில்லை. 185 கி.மீ. பயணத்தில் முழு வேகத்தை எட்டிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தூரம் குறைவென்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாதுகாப்புச் சோதனை, குடியேற்றப் பிரிவு, சுங்கம் எதுவும் குறையாது. இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். பலாலியிலிருந்து யாழ். நகருக்கு மேலும் 16 கி.மீ. போக வேண்டும். ஆக, வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றுதான் என்பதால் நேர வித்தியாசக் குழப்பம் இல்லை.

அப்படியானால் என்ன லாபம்?

நேரடி விமானம் இல்லையென்றால், யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் தெற்கே கட்டுநாயக்கா போக வேண்டும். அதற்கே சாலையில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். பிறகு அங்கிருந்து விமானம் ஏறி மீண்டும் வடக்கே வர வேண்டும். சிகிச்சைக்கு வரும் முதியவருக்கு அது ஒரு பகலும் ஓர் இரவும். நேரடி விமானம் மிச்சப்படுத்துவது அந்த ஒரு நாளைத்தான்.

1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னை வந்தது. பின்னர் போரால் அறுந்த தொடர்பு, 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமானதும் மீண்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் திரும்பியது. திருச்சிக்கு 2025 மார்ச் இறுதியில் விமானம் வந்தது.

சேவை நின்றுபோனால் 185 கி.மீ. மறுபடியும் ஒரு நாள் பயணமாகிவிடும். பயண நேரத்தில் பத்து நிமிடம் குறைப்பதைவிட, சொன்ன நாளில், கட்டுப்படியாகும் கட்டணத்தில் விமானம் தொடர்ந்து பறப்பதுதான் முக்கியம். இரு அரசுகளும் கவனம் வைக்க வேண்டியது அதில்தான்.